எந்தப் பக்கம்னு சொல்லக் கூடாது

முட்டி போட்டு உக்காந்து இருவது நிமிசம் ஆச்சு, வலது கால் மரத்துப்போய் இப்ப அது யாரோட காலோ. கல்யாண மண்டபம். நேத்து இங்க யாருக்கோ ரிசப்ஷன் நடந்திருக்கும்போல, ரசத்து வாசம் இன்னும் செவுத்துல தங்கியிருக்குது, மேடைல பொண்ணு பேரு உரிஞ்சு விழுந்து மாப்பிள்ளை பேரு மட்டும் தெர்மாகோல்ல தொங்குது. அதுக்குக் கீழ மேசை போட்டு எங்க இன்னாசி மாஸ்டரும் வெளியூர்ல இருந்து வந்த ரெண்டு பேரும் உக்காந்திருக்காங்க. பிளாக் பெல்ட் டெஸ்ட். எனக்கு வயசு நாப்பத்தி நாலு, என் வலது பக்கத்துல உக்காந்திருக்கற திருமூர்த்திக்கும் நாப்பத்தி நாலு. அஞ்சு வருசத்துக்கு முன்னால ஒரே நாள்ல ரெண்டு பேருக்கும் சுகர்னு சொன்ன டாக்டரு தெனமும் நடங்கன்னாரு, நடக்கறதுக்குக் கூச்சப்பட்டுட்டு ரெண்டு பேரும் அடிச்சுக்கலாம்னு கராத்தேல சேந்தோம். எங்களுக்கு முன்னால இன்னும் மூணு ஜோடி இருக்குது. அப்பறம் நானும் இவனும். நான் இவனையே பாத்துட்டு இருக்கேன். மூக்கு, மீசை, கன்னத்துல சவரம் பண்ணும்போது விட்டுப்போன நாலு முடி, எல்லாம் பாக்கறேன். இவனுக்குத் தெரியாது. நான் இவனுக்கு இடது பக்கம் உக்காந்திருக்கேன், இடது கண்ணுல இவனுக்கு ஒண்ணுமே தெரியாது. இது இந்த மண்டபத்துல எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

மூணு அடி. மாஸ்டரோட சட்டம் அது. அடிக்கறவன் அடிக்கறதுக்கு முன்னால உயரத்தச் சத்தமாச் சொல்லணும். ஜோடான்னா தலை, சூடான்னா நெஞ்சும் வயிறும், கெடான்னா இடுப்புக்குக் கீழ. சொன்ன உயரத்தத் திருப்பிச் சொல்லக் கூடாது, அதனால மூணும் வந்தே தீரும். ஆனா எந்தக் கை, எந்தக் கால், எந்தப் பக்கம்னு சொல்லக் கூடாது, அத எதிர்ல நிக்கறவன் பாத்துத் தடுக்கணும். தடுக்க முடியலைன்னா அடிக்கறவன் தோலுக்குப் பக்கத்துல நிறுத்திக்கணும். அப்பறம் இன்னொரு வழக்கம், வருசம் பூரா யாரோட சேந்து பழகுனமோ டெஸ்ட்லயும் அவனோடதான் நிக்கணும், ஜோடி மாத்த மாட்டாரு. "அறிமுகம் இல்லாதவன அடிக்கறதுக்கு எதுக்குய்யா கராத்தே, அதுக்குத்தான் டாஸ்மாக் இருக்குதே"ம்பாரு. எல்லாரும் சிரிப்போம். ஏப்ரலுக்கு அப்பறம் எனக்கு அந்த ஜோக்குக்குச் சிரிப்பு வரல. நேரா எதுக்க நின்னா என்னோட வலது கை அவனோட இடது பக்கம். என்னோட இடது கை அவனோட வலது பக்கம். இதுக்கு ஒண்ணும் டிப்ளமா வேண்டாம், ஆனா நான் அதையும் முடிச்சவன், பகல்ல கம்பெனி, சாயங்காலம் ஆறுல இருந்து ஒம்போது வரைக்கும் பாலிடெக்னிக்ல ஈவினிங் க்ளாஸ், நாலு வருசம். பம்ப் காஸ்டிங்ல எங்க ஓட்டை போடணும்னு புள்ளி வெக்கறதுதான் என் வேலை. பஞ்ச்சுனு கூர் உளி ஒண்ணு, அத வெச்சு முதல்ல லேசா ஒரு தட்டு. குனிஞ்சு பாக்கணும், அளவு சரியா இருந்தா அழுத்தி ஒரு தட்டு. லேசாத் தட்டுனத அழிச்சுரலாம், அழுத்தித் தட்டுனத ஒண்ணும் பண்ண முடியாது, ட்ரில்லு நேரா அந்தக் குழிக்குத்தான் போகும். இருவது வருசமா எங்க தட்டறதுங்கறத முடிவு பண்றதுக்குத்தான் எனக்குச் சம்பளம். இன்னைக்கு முடிவு பண்ண முடியாம முட்டி போட்டு உக்காந்திருக்கேன்.

"என்ன பாணி, பீச்சாங்கை ரெடியா?" பின்னால இருந்து காதர். துணிக்கடைக்காரன், வாய் சும்மா இருக்காது. "இன்னைக்காவது சோத்துக் கைய வெளிய எடுப்பீங்களா, இல்ல வீட்ல பீரோல வெச்சுப் பூட்டிட்டு வந்தாச்சா?" மூர்த்திதான் திரும்பாமயே சொல்றான், "அவனுக்குத் தோள்பட்டை வலிடா, ஒனக்கென்ன. ஒன்ன அடிக்கறதுக்கு அவனுக்குப் பீச்சாங்கையே சாஸ்தி." தோள்பட்டை வலி. எனக்கு ஒரு வலியும் கெடையாது. ஏப்ரல்ல ஒரு நாள் பிராக்டீஸ்ல நான் வலது கையில சுத்தி அடிச்சேன், மூர்த்தி தடுக்கவே இல்ல, கன்னத்துல வாங்கிட்டு அப்படியே நின்னான், யாரோ பின்னால இருந்து தோளத் தொட்டுக் கூப்பிட்ட மாதிரி. அன்னைக்கு டீக்கடைல சொன்னான். இடது கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருச்சாம், சுகராலயாம், பால் டம்ளர் வழியாப் பாக்கற மாதிரி இருக்குதாம். "யாருகிட்டயும் சொல்லிப்போடாத பாணி. வேனு போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன், எனக்கு வேற என்ன தெரியும்." பள்ளிக்கூட வேன் ஓட்டறான். பதினேழு கொழந்தைங்க. நான் சொல்ல மாட்டேன்னேன். டீ ஆறி ஏடு கட்டியிருந்துச்சு, ஏட்ட விரல்ல எடுத்து டம்ளர் வெளிம்புல தேச்சுக்கிட்டே சொல்ல மாட்டேன்னேன், அது எவ்வளவு பெரிய சொல்லுன்னு அன்னைக்குத் தெரியல, ஒரு மனுசன் கலங்கி உக்காந்திருக்கும்போது வேற என்ன சொல்ல முடியும். அடுத்த நாள்ல இருந்து வலது கைய எடுக்கறதில்ல. கேட்டவங்களுக்குத் தோள்பட்டை வலின்னேன். மத்தவங்க நம்புனாங்க, அது பரவால்ல, இவனும் நம்பிட்டான். ஒரு தைலம் வாங்கிட்டு வந்துட்டான், பச்சை பாட்டிலு, மூக்கு எரியற வாசம். வாரத்துக்கு மூணு நாளு க்ளாசுக்கு முன்னால என் சட்டையக் கழட்டி உக்கார வெச்சு, ஒண்ணுமே இல்லாத என் வலது தோளுல இருந்து மணிக்கட்டு வரைக்கும் உருவி விடுவான். "இங்கதான? இங்கதான?"ம்பான். ஆமா, அங்கதான்ம்பேன். இன்னைக்குக் காலைல மண்டபத்து வாசல்ல வெச்சுக்கூடத் தேச்சு விட்டான். இப்பவும் என் கை மணக்குது. பொய்க்கு இவ்வளவு வாசம் இருக்கும்னு யாருக்குத் தெரியும்.

முதல் ஜோடி முடிஞ்சுது. ரெண்டும் காலேஜ் பசங்க, ஒருத்தன் ஒதட்டுல ரத்தம், சிரிச்சுட்டே போறான். வெளியூர்க்காரரு ஒருத்தரு பேப்பர்ல என்னமோ எழுதறாரு. காலைல வேன்லதான் வந்தோம். நான் முன்னால இடது பக்க சீட்டுல. "லெப்ட்ல சைக்கிளு. லெப்ட்ல ஆட்டோ. லெப்ட்ல ஒரு அம்மா எறங்கறாங்க, மெதுவா." நாலு வருசம் ராத்திரி கண்ணு முழிச்சுப் படிச்சு டிப்ளமா வாங்குனவன் கடைசில க்ளீனர் ஆயிட்டேன். அவனுக்கு அதுல கோவம். "எனக்குத் தெரியுதுடா, சும்மா கத்தாத." எப்படித் தெரியுது? அதுதான். அங்கதான் என் நெனப்பு போய்ப் போய் நிக்குது, தோசைக்கல்லுல ஒட்டுன தோசை மாதிரி அங்க இருந்து கெளப்பவே முடியல. ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தெறக்கறதுக்கு முன்னால நானே சொன்னேன், மூர்த்தி, கொழந்தைங்க விசயம், வேண்டாம்டா, வேற யாரையாவது ஓட்டச் சொல்லுன்னு. அவன் என்னையப் பாத்துச் சிரிச்சான். "ஏண்டா, ரெண்டு மாசமா நீ அடிக்கற அடில ஒண்ணாவது எம்மேல விழுந்துச்சா? அத்தனையும் தடுக்கறேன்ல? கண்ணு சரியாயிட்டு வருதுடா. டாக்டரு மிசினு வெச்சுப் பாக்கறாரு, நான் உன் கைய வெச்சுப் பாக்கறேன். உன் கைதான் எனக்கு டெஸ்டு." நான் எல்லாத்தையும் அவனுக்குத் தெரியற பக்கம் அடிச்சேன். அவன் எல்லாத்தையும் தடுத்தான். தடுத்துத் தடுத்து, கண்ணு தெரியுதுன்னு நம்பிட்டான். பாவம்னு நெனச்சு நான் போட்டது எல்லாம் சேந்து அவனுக்கு லைசன்ஸ் ஆயிப்போச்சு. அப்ப சொல்லியிருக்கணும். இல்லடா, நான் ஒரு பக்கம்தான் அடிக்கறேன்னு. வாய் வரைக்கும் வந்துச்சு. அவன் பாட்டில் மூடியத் தெறந்து கையில தைலத்த ஊத்திட்டு இருந்தான்.

அங்கயே சொல்லிரலாம்னு பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டும் வந்தேன். கேட்டுக்கு வெளிய வாட்ச்மேன்கிட்ட மணி என்னன்னு கேட்டேன், என் கையில வாட்ச் இருக்கறத அவன் பாத்தான், நானும் பாத்தேன், மணி பத்தரைன்னான், தேங்க்ஸ்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஒரு நாள் லெட்டர் எழுத உக்காந்தேன். ஈவினிங் க்ளாஸ்ல விண்ணப்பம் எழுதச் சொல்லிக் குடுத்தது மறக்கல, அனுப்புநர், பெறுநர், பொருள். அனுப்புநர்னு எழுதிக் கோடு போட்டேன். அதுக்குக் கீழ என்ன எழுதறது? பேரு போடாம எழுதுனா மொட்டைக் கடுதாசி, பேரு போட்டா கூட்டாளியக் காட்டிக் குடுத்தவன். அனுப்புநர்லயே ஒரு மணி நேரம் நின்னுது, அப்பறம் அந்தப் பேப்பர்ல எம்பொண்ணு கணக்குப் போட்டா. போன மாசம் ஒரு சனிக்கெழமை மூர்த்தி கம்பெனி வாசலுக்கு வந்து ஒரு டிபன் பாக்ஸ எடுத்து நீட்டுனான். சப்பையா இருந்துச்சு, அப்பளம் மாதிரி. "பின் சக்கரத்துல மாட்டிக்கிச்சு பாணி, சித்த தட்டிக் குடு. புள்ள அழுவுது." மூடில புள்ளி புள்ளியாப் பேரு வெட்டியிருந்துச்சு, யாழினி, ஒண்ணு பி. எப்படிடா மாட்டுச்சுன்னேன். "எறங்கும்போது கை தவறிக் கீழ விட்டுருச்சு, நான் வண்டிய எடுத்துட்டேன்." எந்தப் பக்கம் எறங்குச்சு? நான் கேக்கல. நம்மூர்ல வேன்ல இருந்து கொழந்தைங்க எந்தப் பக்கம் எறங்கும்னு தெரியாதா. டிபன் பாக்ஸு சக்கரத்துக்குக் கீழ போச்சுன்னா அதப் புடிச்சிருந்த கை எங்க இருந்துச்சு? வைஸ்ல இறுக்கி வெச்சு, மரச் சுத்தியல்ல சுத்திச் சுத்தித் தட்டுனேன். அரை மணி நேரம் ஆச்சு. நல்லா வந்துருச்சு, மூடி மட்டும் ஒரு மூலைல எந்திரிச்சே நின்னுது, எத்தன தட்டியும் படியல. அவன் பாத்துட்டு, "கை ராசிக்காரன்டா நீ"ன்னான். தோள்பட்டை வலிக்குதுல்ல, எதுக்குடா இவ்வளவு தட்டுனன்னு வருத்தப்பட்டான். இப்பவும் ராத்திரில எங்கயாவது எவர்சில்வர் பாத்திரம் விழுந்தா நான் எந்திரிச்சு உக்காந்துக்கறேன்.

"திருமூர்த்தி, தண்டபாணி." மாஸ்டர் கூப்பிட்டுட்டாரு. மிச்சம் ரெண்டு ஜோடி எப்ப முடிஞ்சுதுன்னு தெரியல. எந்திரிக்கறேன், வலது கால் இல்ல, நொண்டறேன், காதர் சிரிக்கறான். மூர்த்தி என் முதுகுல ஒரு தட்டு தட்டறான். "சாவி உன் பையிலதான இருக்குது? முடிச்சுட்டு நேரா பிரியாணிடா." டிரெஸ்ல பாக்கெட்டு கெடையாது, அதனால வேன் சாவி என் பையில, செவுத்தோரமா. குனிஞ்சு வணக்கம் போடறோம். நிக்கறோம். நான்தான் முதல்ல அடிக்கணும். அடிக்கப்போற எடத்தப் பாக்காதேம்பாரு மாஸ்டர், பாத்தா அவனுக்குத் தெரிஞ்சுரும், கழுத்துக்குழியப் பாரு, அங்க இருந்து ஒடம்பு பூராத் தெரியும். கழுத்துக்குழியப் பாக்கறேன். வேர்வை நிக்குது. க்ளாஸ்ல ஒரு படம் மாட்டியிருக்கும், மனுச ஒடம்புல எங்கெங்க அடிக்கலாம்னு செவப்புப் புள்ளி வெச்ச படம், நெத்திப்பொட்டு, மூக்குக்குக் கீழ, தாடை, நெஞ்சுக்குழி, விலா, எவனோ ஒரு வாண்டு அதுக்கு மீசை வரைஞ்சு வெச்சிருப்பான். அதுல எல்லாமே அடிக்கற எடம்தான். ஒருத்தன எங்க அடிக்கக் கூடாதுன்னு ஒரு புள்ளியும் இல்ல. கட்டிக்கிட்டவ இருக்கா அவனுக்கு, ரெண்டு பொண்ணுங்க, எங்க வீட்டுப் பொண்ணு சடங்குக்கு மூணு நாளு வேன ஓட்டி ஒறவுக்காரங்கள எறக்கி விட்டவன். அவன் மட்டுமா. ஒண்ணு பி. பதினேழு பேரு.

"சூடான்!" என் கொரல்தான். இடது கை, வயித்துக்கு. தடுத்துட்டான், டக்குனு, அழகா. யாரோ "ம்ம்"ங்கறாங்க. திரும்ப நிக்கறோம். "கெடான்!" இடது கால், முட்டிக்குக் கீழ. தடுத்துட்டான். அவன் மூஞ்சில சந்தோசம், சின்னப் பையனாட்டம், ஒரு புருவம் மேல போகுது, பாத்தியாங்கற மாதிரி. பாத்தேன். இனி ஒண்ணுதான் பாக்கி, தலைதான், வேற வழி இல்ல. இடது கையில அடிச்சா தடுத்துருவான், பெல்ட் வாங்கிருவான், பிரியாணி தின்போம், நாளைக்குக் காலைல ஏழு பத்துக்கு வேன் ஹார்ன் அடிக்கும், கொழந்தைங்க இடது பக்கம் நிக்கும். வலது கையில அடிச்சா? நான் நிறுத்துவேன், அஞ்சு வருசமா நிறுத்திப் பழகுன கை, ஆனா அவன் எம்பக்கம் ஒரு அடி சாஞ்சுட்டா? நெத்திப்பொட்டு, முட்டையோடு மாதிரி எலும்பு அங்க. நாலு மாசமா எடுக்காத கை, நிறுத்தற எடம் ஞாபகம் இருக்குமா அதுக்கு? அதுவும் சரி, நின்னுருச்சுன்னே வெச்சுக்குவோம், அப்பறம் இத்தன பேரு பாப்பாங்களே. தனியாச் சொல்லியிருக்கலாமே. டீக்கடைல சொல்லியிருக்கலாம், வாசல்ல சொல்லியிருக்கலாம், தைலம் தேய்க்கும்போது சொல்லியிருக்கலாம். நாலு மாசம் சொல்லாதவன் இங்க மேடை போட்டுச் சொல்றதா. லேசா ஒரு தட்டு, அழிச்சுரலாம். எத? மூச்சு வெளிய போகுது. மாஸ்டர் மூக்குக்கண்ணாடியக் கழட்டித் தொடைக்கறாரு, அத மாட்டற வரைக்கும் நேரம் இருக்குதுன்னு தோணுது. மாட்டிட்டாரு. "ஜோடான்!" கத்தியாச்சு, எந்தக் கைன்னு எனக்கே இன்னும் தெரியல. தோளு அசையுது. மூர்த்தி வலது கையத் தூக்கிட்டான், அவனோட வலது பக்கம், தெனமும் என் அடி வர்ற எடத்துல, உறுதியா, ஒரு பிசகு இல்லாம. அங்க ஒண்ணும் வரல.

என் வலது கை அவன் இடது காதுக்கு முன்னால, பொட்டுக்கு ஒரு விரக்கடை தள்ளி நிக்குது. நின்னுருச்சு. அவன் இன்னும் அந்தப் பக்கமே காத்தத் தடுத்துட்டு நிக்கறான். ஒரு நொடி. ரெண்டு. மூர்த்தி ஒதட்ட அசைக்காம எனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொல்றான், "அடிடா, என்ன யோசிக்கற." அவன் மூக்கு லேசா விரியுது. தைல வாசம். அவனே காலைல தேச்சு விட்டது. வாசம் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு அவன் தலை மெதுவா இடது பக்கம் திரும்புது, திரும்பி, நல்ல கண்ணுக்குள்ள என் மடக்குன கை வருது, மூக்குக்கு முன்னால, இவ்வளவு கிட்டத்துல. அதையே பாத்துட்டு நிக்கறான். அப்பறம் என் மூஞ்சியப் பாத்தான்.

"எத்தன நாளாடா?"

"ஏப்ரல்ல இருந்து."

தூக்குன கைய அவன் எறக்கவே இல்ல. உள்ள என்னமோ பின்னால பின்னால ஓடறது தெரியுது, மே, ஜூன், தடுத்த ஒவ்வொரு அடியா எடுத்துத் திருப்பிப் பாக்கறான், ஒவ்வொண்ணும் எந்தப் பக்கம் வந்துச்சுன்னு. நான் நிறுத்தச் சொல்லணும்போல இருக்குது. டிபன் பாக்ஸ் வரைக்கும் போயிட்டான்னு நெனைக்கறேன், தூக்குன கை அப்பத்தான் மெதுவாக் கீழ வந்துச்சு.

"அங்க என்ன பேச்சு?" மாஸ்டர். எந்திரிச்சு நின்னுட்டாரு, கையில பேனா. ஆனா கொரல்ல அதட்டல் இல்ல, அவருக்கும் பாதி புரிஞ்சிருக்கும். வெளியூர்க்காரரு என்னமோ கேக்கப் போனாரு, மாஸ்டர் கையக் காட்டி நிறுத்திட்டாரு. "திருமூர்த்தி, முடியுமா? போதுமா?"

"முடியும் மாஸ்டர். இப்ப நான் அடிக்கற மொற."

எடம் மாறி நிக்கப் போறோம். தோளும் தோளும் ஒரசற தூரத்துல என்னத் தாண்டும்போது, என்னையப் பாக்காம, "சாவி உன் பையிலதான?"ன்னான். ம்னேன். "அங்கயே இருக்கட்டும்." இன்னைக்கு மட்டும்னு சொன்னானா, இல்ல இனிமேன்னு சொன்னானா, கேக்கறதுக்குள்ள போய் நின்னுட்டான். குனிஞ்சு வணக்கம் போட்டான், என்னைக்கும் போடறத விடக் கொஞ்சம் கீழ. நிமிந்தப்ப அவன் கண்ணு ரெண்டும் என் கழுத்துக்குழில இருக்குது, நல்லதும் இருக்குது, போனதும் இருக்குது, ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருக்குது, வெளிய இருந்து பாத்தா எது எதுன்னு யாரும் சொல்ல முடியாது.

"ஜோடான்!"னு கத்தறான். அஞ்சு வருசத்துல இப்பத்தான் முதல் தடவையா இவன் எந்தப் பக்கம் அடிப்பான்னு எனக்குத் தெரியல. எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்குது.